மடியில் பூனை

“பூனையை மடியிலேயே வைத்துக்கொண்டு பறக்கலாம்” என்று விமானக் கம்பெனியின் ஏ.ஐ. மெஷின் போனில் உறுதி சொன்னது. அதை நம்பிப் போன தையல்காரம்மாவை விமான நிலைய வாசலிலேயே தடுத்துவிட்டார்கள். பூனையைத் தனியே விட மனமில்லாமல், தங்கையின் கல்யாணத்தையே கோட்டைவிட்டார். வழக்குப் போட்டார்.

கோர்ட்டில் கம்பெனி வக்கீல் வெளுத்து வாங்கினார்.

“மெஷின் தானா யோசிச்சு உளறிடுச்சு, மேடம். அது பேச்சுக்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும்?”

அரை மணி நேரம் சட்டம் சட்டமாக அடுக்கினார். தையல்காரம்மாவுக்கு அழுகை முட்டியது.

“பிரமாதமான வாதம்,” என்றார் நீதிபதியம்மா. “ராத்திரி பூரா தூங்கலையோ?”

வக்கீலுக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. “நல்லாத் தூங்கினேன், மேடம்! எல்லாம் எங்க கம்பெனி மெஷின் எழுதிக் குடுத்தது. நான் ஒரு வரிகூட மாத்தல!”

“அப்படியா? அப்போ இந்தப் பேச்சுக்கும் கம்பெனி பொறுப்பில்ல. உங்க தரப்புல இன்னும் யாருமே வாயத் திறக்கலன்னு எடுத்துக்கறேன். அந்தம்மா ஜெயிச்சாச்சு!”

கோர்ட்டில் முதலில் வாய்விட்டுச் சிரித்தவர், வக்கீலின் சொந்தக் குமாஸ்தாதான்.