மூன்றாவது துளை

சைக்கிள் கம்பியை மேலே தூக்கி உலுக்கினார் விநாயகமூர்த்தி. ஒரு அட்டைகூட விழவில்லை.

அந்தத் தீவு மருந்தகத்தில் டாக்டருக்குப் பதிலாக வைத்தியம் பார்க்கும் அப்போதிக்கரி அவர். இது அவரே யோசித்துச் செய்த ஏற்பாடு. நோயாளிக்கு ஓர் அட்டை. அட்டையின் விளிம்போரம் வரிசையாகத் துளைகள்: முதலாவது சலரோகம் என்ற நீரிழிவு, இரண்டாவது தொய்வு என்ற மூச்சிழுப்பு, மூன்றாவது பெனிசிலின் ஆகாதவர்களுக்கு. யாருக்கு எது இருக்கிறதோ, அந்தத் துளையை விளிம்புவரை கத்தரித்துவிடுவார். வேண்டிய துளையில் கம்பியைக் கோத்துத் தூக்கினால், கத்தரித்த அட்டை பிடியில்லாமல் விழும், மற்றவை தொங்கும். நானூறு பேரில் ஆபத்து உள்ளவரைக் கண்டுபிடிக்க ஒரு மூச்சு நேரம் போதும்.

கட்டிலில் யாக்கோப்பு காய்ச்சலில் நினைவிழந்து கிடந்தான். சாட்டிக் கடலில் காலில் ஏறிய திருக்கை முள் சீழ் வைத்திருந்தது. சிறிஞ்சில் பெனிசிலின் தயார்.

வழக்கமாக நோயாளியின் ஊர் அட்டைகளை மட்டும்தான் கோப்பார். இன்று அவசரத்தில் எல்லாவற்றையும் ஒன்றாக மூன்றாவது துளையில் கோத்திருந்தார்.

எதுவும் விழவில்லை. நல்லது. யாக்கோப்பின் புயத்தைப் பஞ்சால் துடைத்தார்.

ஊசி முனை தோலைத் தொட்டபோதுதான் உறைத்தது. கம்பியில் அவருடைய அட்டையும் தொங்குகிறது. பெனிசிலின் அவருக்கே ஆகாது. முதன்முதலில் அவர் கத்தரித்ததே தன்னுடைய துளையைத்தான்.

சிறிஞ்சை வைத்துவிட்டு அட்டையை உருவினார். வெட்டின் வாயை யாரோ மெல்லிய காகிதத்தால் ஒட்டியிருந்தார்கள், துளையின் வட்டம் கெடாமல். யாக்கோப்பின் அட்டையிலும் அப்படியே.

"எலி அரிச்சுக் கிடந்தது, ஐயா," என்றான் வாசலில் நின்ற சிற்றூழியன் அருளப்பு. கோயில் பாட்டுப் புத்தகங்களை ஒட்டிப் பழகிய கை அவனுக்கு. "தபசு காலத்தில ஒரு நல்ல காரியமாய் இருக்கட்டுமெண்டு எல்லாத்தையும் ஒட்டிப்போட்டன்."

உயிர்த்த ஞாயிறோடு முடியும் தபசு காலம் போய் இரண்டு மாதமாகிறது.

விநாயகமூர்த்தி எழுந்துபோய், இறந்தவர்களின் பெட்டியைத் திறந்தார். மேலாகவே இருந்தது பிலோமினம்மாவின் அட்டை. உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், இதே கட்டிலில், பெனிசிலின் போட்ட பத்தாவது நிமிடம் அவளுக்கு மூச்சு நின்றது. அன்றும் கம்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார். பிறகு, மாரடைப்பு என்று சான்றிதழ் எழுதி, இருதயத்துக்கான ஏழாவது துளையை விளிம்புவரை கத்தரித்தார்.

இப்போது மூன்றாவது துளையின் ஓரத்தை நகத்தால் சுரண்டினார்.

காகிதம் சுலபமாக உரிந்து வந்தது.