ஒற்றை மேற்கோள்குறி

“ஒரு படங்கூட மிச்சம் இருக்கக் கூடாது. என் கண்ணு எதிர்ல அழிக்கணும்,” என்றார் ஜெபரத்தினம். ஸ்டூடியோ மாடிப்படி ஏறி வந்த மூச்சிரைப்பே இன்னும் அடங்கவில்லை, அதற்குள் உத்தரவு.

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த ஷாஜாதி கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்த ஸ்டூடியோவில் படங்களைத் திருத்தி ஆல்பம் போடுகிறவள் அவள்தான். ஜெபரத்தினத்தின் மகள் ப்ளெஸ்ஸிக்கும் ஜெரால்டுக்கும் தை மாதம் நடந்த நிச்சயதார்த்தப் படங்கள் அத்தனையும் அவளிடம்தான் இருந்தன.

கல்யாணத்தை எந்தச் சர்ச்சில் வைப்பது என்று சம்பந்திகள் முட்டிக்கொண்டார்கள். இவர்கள் புராட்டஸ்டன்ட், அவர்கள் கத்தோலிக்கர். கும்பிடுகிற சாமி ஒன்றுதான், வீம்புதான் ஆளுக்கொன்று. நிச்சயம் முறிந்துபோனது.

சற்று முன்புதான் ப்ளெஸ்ஸி போனில் அழுதாள். “அக்கா, ஜெரால்ட் அம்மா போன வாரம் தவறிட்டாங்க. கேமராவக் கண்டாலே ஓடி ஒளிஞ்சிக்குவாங்க. அன்னிக்கு ஒருநாள்தான் சிரிச்சிகினு நின்னாங்க. அந்தப் படமும் போச்சின்னா அவரு பாக்கறதுக்கு அம்மா மொகமே இல்லக்கா. எப்படியாவது காப்பாத்துங்க!” பிரதி எடுத்துவிடலாம் என்று ஷாஜாதி கையை வைப்பதற்குள் படியில் செருப்புச் சத்தம் கேட்டுவிட்டது.

அவர் ஒருவர் மட்டும் என்றால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பாள். மனிதர் மகன் ஆல்பினையும் கையோடு கூட்டி வந்திருந்தார்.

“எம்பையன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் கம்பெனில கீறான். அவன் கண்ணுல மண்ணத் தூவ முடியாதும்மா.”

ஆல்பின் சிரிக்கக்கூட இல்லை. அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

“விண்டோஸ்தானே?”

“ஆங், விண்டோஸ்தாங்க. உங்க ஆபீஸ்ல?”

“எங்களுக்கு எல்லாம் லினக்ஸ். டிலீட் பட்டன அமுக்காதீங்க. குப்பைத்தொட்டில போய்க் குந்திகினு இருக்கும், அப்பறமா எடுத்துக்குவாங்க. கமாண்ட் அடிங்க.”

“அப்படிச் சொல்றா என் சிங்கம்!” என்றார் ஜெபரத்தினம்.

ஷாஜாதி கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தாள். விண்டோஸ் இல்லை, வேறொரு இயங்குதளமான லினக்ஸ் என்று அவன் சொன்னதில் அவளுக்கு ஒரு சின்னச் சந்து தெரிந்தது.

அந்த ஸ்டூடியோ வழக்கப்படி, ஃபோல்டருக்குப் பெண் பெயரும் மாப்பிள்ளை பெயரும் வைப்பார்கள், நடுவில் ஓர் இடைவெளி. நமக்கு அது ஜோடி. கறுப்புத் திரைக்கோ இடைவெளி வந்தால் ஒரு பெயர் முடிந்தது, அடுத்தது வேறு ஆள். இரண்டையும் ஒரே பெயராக எடுத்துக்கொள் என்று சொல்ல மேற்கோள்குறி போட வேண்டும்.

லினக்ஸில் ஒற்றை மேற்கோளே போதும். விண்டோஸின் கறுப்புத் திரை இரட்டையைத்தான் மதிக்கும். ஒற்றையைப் போட்டால் அதையும் ஓர் எழுத்தாக நினைத்துக்கொண்டு, இல்லாத இரண்டு ஃபோல்டர்களைத் தேடிவிட்டுச் சும்மா இருந்துவிடும். யாரோ லினக்ஸ்காரர் எழுதி வைத்ததைப் பார்த்து அடித்து, அவளே ஒருமுறை அரைநாள் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள்.

லினக்ஸிலேயே புழங்குகிறவன் கண்ணுக்கு ஒற்றை சரியாகத்தான் தெரியும். தெரியணும், யா அல்லா!

அழிக்கும் கட்டளையை அடித்தாள். ஒற்றை மேற்கோள், ப்ளெஸ்ஸி, இடைவெளி, ஜெரால்ட், ஒற்றை மேற்கோள். ‘அப்படி எதுவும் இல்லை’ என்று அது காட்டிக்கொடுத்துவிட்டால்? அதற்காகத் திரையைத் துடைக்கும் கட்டளையையும் கடைசியில் ஒட்டினாள்.

ஜெபரத்தினம் குனிந்து பார்த்தார். “பேருக்கு ரெண்டு பக்கமும் இன்னாடா அது, கொசு குந்தின மாதிரி?”

ஆல்பின் திரையை உற்றுப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

“சிங்கிள் கோட்ஸ் நைனா. ரெண்டு பேரையும் சேத்துப் புடிக்கிறதுக்கு. கரெக்டாதான் போட்டுகீறாங்க. தட்டுங்க.”

தட்டினாள். கண் சிமிட்டும் நேரம் என்னவோ எழுத்துகள் ஓடின. அப்புறம் திரை கழுவிவிட்டதுபோல் ஆனது.

“பூட்ச்சா? எதுக்கும் அது இருந்த எடத்தத் தொறந்து காட்டச் சொல்லுடா.”

ஷாஜாதி மெல்ல மவுஸை எடுத்தாள். இனி தப்ப வழியில்லை என்றே நினைத்தாள்.

“தொறக்க இன்னா இருக்குது, அதான் சுத்தமா தொடச்சாச்சே,” என்றான் ஆல்பின் எரிச்சலாக. “கீழ காவடிக் கூட்டம் வந்துகினு இருக்குது. ரோடு அடைச்சிகினா வண்டிய எடுக்க முடியாது. வாங்க நைனா.”

அப்பாவும் மகனும் இறங்கிப் போனார்கள். அரோகரா சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஷாஜாதி ஃபோல்டரைத் திறந்தாள். எல்லாம் இருந்தன. மருமகளாக வரப்போகிறவளின் தோளைப் பிடித்துக்கொண்டு ஜெரால்டின் அம்மா வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பழக்கமே இல்லாத அந்த மனுஷிக்காக ஷாஜாதிக்குக் கண் கலங்கிவிட்டது.

“ஏங்க.”

திடுக்கிட்டுத் திரும்பினாள். வாசலில் ஆல்பின், தனியாக. அவன் கண் நேராகத் திரைக்குப் போனது. இனி மூடி என்ன பயன்?

“இல்லைங்க, அது வந்து... அந்தக் கமாண்ட்ல...” உன் தங்கைதான் கேட்டாள் என்று சொன்னால் அவளும் சேர்ந்து மாட்டுவாள். பழியைத் தன் தலையிலேயே போட்டுக்கொள்வது என்று முடிவு செய்தாள்.

ஆல்பின் ஜன்னல் வழியாக ஒருமுறை கீழே எட்டிப் பார்த்துக்கொண்டான். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து அவள் முன்னால் வைத்தான்.

“விண்டோஸ்ல சிங்கிள் கோட்ஸ் செல்லாதுன்னு எனக்குந் தெரியுங்க.”