சங்கிலித் தையல்

"ரெண்டு நாள்கூடத் தாங்கலையே அக்கா! இதுக்குப் பேர் தையலா?"

வார்டன், கொண்டுவந்த சட்டை மூட்டையைத் தையல் மிஷின் பக்கத்தில் தொப்பென்று போட்டாள். இருபத்திரண்டு வெள்ளைச் சட்டைகள்.

டெய்லரக்கா வாயில் குண்டூசிகளைக் கடித்தபடி நிமிர்ந்து பார்த்தாள். வாயில் ஊசி இருக்கும்போது அவள் பேசமாட்டாள். வேண்டாத கேள்வி வந்தால் அது வசதியும்கூட.

வார்டனுக்குப் பின்னால் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி நின்றாள். குழந்தைகள் இல்லத்தில் அவளை வாயாடி என்றுதான் கூப்பிடுவார்கள். சாட்சி சொல்ல அழைத்து வந்திருந்தாள் வார்டன். இன்றைக்கென்று பார்த்து அவள் வாயைத் திறக்காமல் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பிள்ளைங்க வியாழக்கிழமை விழாவில போட்டாங்க. வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் போனாங்க. இன்னிக்குத் துவைக்க எடுத்தா, ஒரு பாக்கெட்லயும் எழுத்தைக் காணோம்! காய்ச்சல்னு நேத்து போகாம படுத்திருந்தவன் சட்டையில மட்டும்தான் மிச்சம்."

அந்த ஒரு சட்டையை விரித்துக் காட்டினாள். பாக்கெட்டின் மேல் நீல நூலில் பளிச்சென்று இருந்தது: 'எச்.ஐ.வி. பாதித்த குழந்தைகள் நலச் சங்கம் அன்பளிப்பு.'

டெய்லரக்கா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து மிஷின் மேலிருந்த பஞ்சுத் திண்டில் குத்தினாள். "துணி கிழியலையே?"

"துணி கிழியலை, என் மானம்தான் கிழியப்போகுது. திங்கக்கிழமை சங்கத்துச் செயலாளர் படம் எடுக்க வர்றார். எழுத்து இல்லைன்னா அடுத்த வருஷம் துணி கிடையாதுன்னு விழாவிலேயே சொல்லிட்டார். அப்பா அம்மா இல்லாத பிள்ளைங்கக்கா. நான் எந்தக் கதவைப் போய்த் தட்டுவேன்? வெண்ணெய் திரண்டு வர்றப்ப தாழி உடைஞ்ச கதையா ஆக்கிட்டீங்களே!"

"விழாவிலதான் எடுத்தாங்களே?"

"அது மேடையில எடுத்தது. போன வருஷம் மாதிரி தெருவில வேணுமாம். எங்க ஆபீஸ் சுவர்ல மாட்டியிருக்கே, பார்த்திருப்பீங்க. பிள்ளைங்க எல்லாம் புத்தகத்தை நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் பள்ளிக்கூடம் போற படம். படிப்பு மேல எவ்வளவு ஆசைன்னு வர்றவங்க எல்லாம் உருகிப்போறாங்க. ஆனா புத்தகம் எழுத்தை மறைச்சிடுச்சாம். இந்த வருஷம் எழுத்து தெரியணுமாம்."

டெய்லரக்கா மிஞ்சியிருந்த அந்தச் சட்டையை வாங்கி மடியில் போட்டாள். கடைசி எழுத்தின் ஓரத்தில் எறும்பு மீசை அளவுக்கு நீட்டிக்கொண்டிருந்த நூல் முனையைக் காட்டினாள்.

"இழுங்க."

வார்டன் இழுத்தாள். சரசரவென்று நூல் கையோடு ஓடி வந்தது. 'அன்பளிப்பு' போயிற்று. சங்கம் போயிற்று. குழந்தைகள் போனார்கள். கடைசியில் எச்.ஐ.வி.யும் போயிற்று. பாக்கெட் வெள்ளையாகச் சிரித்தது.

"சங்கிலித் தையல்மா. முனையில முடிச்சு போடலைன்னா இழுத்த இழுப்புக்கு வந்துடும்."

"முடிச்சு போட மறந்துட்டீங்களா?"

"ஒண்ணு ரெண்டுன்னா மறக்கலாம். இருபத்திரண்டு சட்டையிலயுமா மறப்பாங்க?"

வார்டனுக்கு முகம் சிவந்தது. "அப்ப வேணும்னேதான்…"

"அளவெடுக்க வந்தப்பவே ஒவ்வொருத்தர் காதுலயும் சொல்லி வச்சேன். விழா முடியட்டும், அப்புறம் எந்த முனையை இழுக்கணும்னு."

வார்டன் திரும்பினாள். "ஏய், உனக்கும் தெரியுமா? சாப்பாட்டுல உப்பு கம்மின்னாக்கூட ஊருக்கே சொல்வியேடி!"

வாயாடி இன்னும் கட்டைவிரலையே பார்த்தாள்.

"அவளைத் திட்டாதீங்க. போன வருஷம் சங்கத்துக்காரங்க வேற எங்கயோ கெட்டித் தையலா போட்டுக் கொடுத்தாங்க. பிள்ளைங்க என் கடை வாசல் வழியாத்தான் போகும். முதுகுல பை காலியா தொங்கும். அதுல இருக்கவேண்டிய புத்தகம் எல்லாம் நெஞ்சுல இருக்கும். வெயில்லயும் அப்படித்தான், மழையிலயும் அப்படித்தான். ஒரு நாள் இவ என் கடை முன்னாடி தடுக்கி விழுந்தா. முட்டியில ரத்தம். அப்பவும் புத்தகத்தை விடலை. என்னடி அப்படி ஒரு படிப்புன்னு கேட்டேன். படிப்பில்லைக்கா, எழுத்து தெரிஞ்சிடும்னா."

ஆபீஸ் சுவரில் அந்தப் படம் வார்டன் மேஜைக்கு நேர் எதிரில்தான் இருந்தது. தினமும் பார்க்கிறாள். வந்தவர்களுக்கெல்லாம் விரல் நீட்டிக் காட்டியிருக்கிறாள்.

"கல்லடி பட்டாலும் ஆறிடும்மா. கண்ணடி ஆறுமா?" என்றாள் டெய்லரக்கா.

மெல்ல ஒரு குரல் வந்தது. "மிஸ்… நேத்து நாங்க கை வீசிக்கிட்டே போனோம். புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு எங்கூடவே பெஞ்சுல உக்காந்தா. மத்தியானம் சாப்பிடறப்பகூட எழுந்து போகலை."

வார்டன் கையில் சுற்றியிருந்த நீல நூலைப் பிரித்தாள். பிறகு சட்டைகளை ஒவ்வொன்றாக மடித்து மிஷின் பக்கம் தள்ளினாள்.

டெய்லரக்கா பெருமூச்சு விட்டாள். "சரிம்மா. உங்க பாடும் எனக்குப் புரியுது. துணி நின்னுபோச்சுன்னா நீங்க என்ன செய்வீங்க? திங்கக்கிழமைக்குள்ள எழுத்தைத் திரும்பப் போட்டுத் தர்றேன். இந்த வாட்டி கெட்டித் தையலாவே போட்டுடட்டுமா?"

"எழுத்தைப் போடுங்கக்கா. எட்டு மணிக்குப் படம் எடுக்கறாங்க, ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடம்…"

வாயாடியின் தலையைத் தடவிக்கொண்டே சொன்னாள்:

"முடிச்சு மட்டும் போட்டுடாதீங்க."