ஏழாம் பிரிவு

“‘இயன்றவரை’ங்கற வார்த்தையை எடுங்க. அதுவரைக்கும் நான் உட்கார மாட்டேன்.”

சங்கச் செயலாளர் சொன்னபடியே நின்றாள். துணிக்கடையில் இருபத்திரண்டு வருடம் நின்று பழகிய கால்கள். கெண்டைக்காலில் நரம்புகள் கயிறாய் முறுக்கிக் கிடந்தன. கடைப் பணியாளர்கள் வேலை நேரத்தில் உட்காரலாம் என்று ஒரு சட்டம் வரப்போகிறது. அதன் வாசகத்தை முடிவு செய்யும் குழுவில் அவளுக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. ஏழாம் பிரிவில்தான் வம்பு: ‘உரிமையாளர் இயன்றவரை இருக்கை அளிக்க வேண்டும்.’

“எங்க முதலாளிக்கு அது என்னைக்குமே இயலாது” என்றாள்.

குழுத் தலைவருக்குச் சுழல் நாற்காலி. முதுகுக்கு ஒரு திண்டு, இடுப்புக்கு ஒரு திண்டு. நிமிர்ந்து நிற்பதே மனித குலத்தின் பெருமை என்று பதினெட்டு நிமிடம் உட்கார்ந்தபடியே பேசினார். காலையில் கூட்டம் தொடங்கியதும், முதல் பக்கம் வெறும் சொல் விளக்கம், அதைப் படித்துத்தான் ஆகவேண்டுமா என்று கேட்டவரும் அவர்தான். கடை என்றால் என்ன என்று இவர் சொல்லித்தான் தெரியவேண்டுமா என்ற எரிச்சலில், அவளே முதல் ஆளாகக் கையைத் தூக்கி அந்தப் பக்கத்தைத் தாண்டவைத்தாள்.

இரண்டாம் பக்கத்திலிருந்து சண்டை.

எதிரே உட்கார்ந்திருந்தவர் அவளுடைய முதலாளியேதான். உரிமையாளர்கள் சங்கத்தின் சார்பில் வந்திருந்தார். ஒரு சொல்லையும் சும்மா விடவில்லை. ‘இருக்கை’ என்று போட்டால் நாளைக்கு சோபா கேட்பார்கள், ‘ஸ்டூல்’ என்று போடுங்கள் என்றார். சாய்மானம் என்ற சொல் வந்ததும் மேஜையைத் தட்டினார். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் எவன் சட்டை வாங்குவான் என்று கத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது.

“ஏம்மா, போன மாசம்தானே உங்களுக்காக அஞ்சாவது மாடி திறந்தேன்? நெரிசல் வேண்டாம்னு மாடிக்கு நாப்பது பேரா பிரிச்சு விட்டேன். அந்த நன்றி கொஞ்சமாவது இருக்கா?”

“மாடி குடுத்தீங்க சார். அதுல உட்கார ஒரு முக்காலி குடுத்தீங்களா?”

“முக்காலி போட்டா மதியம் தூங்குவீங்க.”

“நின்னுக்கிட்டே தூங்கப் பழகி வருஷக்கணக்காச்சு.”

மணி மூன்றாயிற்று. தலைவர், ‘கூடியமட்டும்’ என்று மாற்றினால் இருவருக்கும் சம்மதமா என்று கேட்டார். அவ்வளவுதான். அவள் செருப்பைக் கழற்றினாள். வீங்கிய காலைத் தூக்கித் தலைவரின் மேஜைமேல், காகிதங்களுக்கு நடுவே வைத்தாள்.

“இது இன்னும் எத்தனை மணி நேரம் நிக்கும்னு நீங்களே எழுதுங்க சார். எழுதுங்க.”

முதலாளி அந்தக் காலையே சற்று நேரம் பார்த்தார். பிறகு பேனாவை மேஜையில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

“எடுத்துடுங்க. சாய்மானமும் போட்டுக்குங்க. உன்கிட்ட என்னால முடியாதும்மா.”

‘இயன்றவரை’ அடிக்கப்பட்டது. எல்லாரும் எல்லாப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார்கள். முதலாளியும் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் போட்டுவிட்டு எழுந்து போனார்.

வெளியே நடைபாதை பெஞ்சில் அவள் கடையிலேயே பில் போடுகிற தோழி காலையிலிருந்து காத்திருந்தாள். செயலாளர் அவள் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள். அன்றைக்கு அதுதான் முதல் தடவை. வரைவின் பிரதியை நீட்டி, ஏழாம் பிரிவைப் பார் என்றாள். மேஜைமேல் கால் வைத்த கதையையும் சொன்னாள்.

தோழி சிரித்தபடி காகிதத்தை வாங்கினாள். எதையும் முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிப்பதுதான் அவளுக்குப் பழக்கம். விரல் முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

“அக்கா, ‘கடை என்பது ஒரு மாடியில் ஐம்பது பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடம்’னு போட்டிருக்கே. நம்மளைத்தான் மாடிக்கு நாப்பது பேரா பிரிச்சுட்டாரே?”