வலப்பக்கத்து ரிப்போர்ட்

முடி காணிக்கை மண்டபத்திலிருந்து வெளியே வந்த ஹேமாவதியை அனுசுயாவுக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை. மழித்த தலையில் சந்தனம் பூசி, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு வந்தாள்.

சிரிக்கட்டும், பாவம். இன்னும் எத்தனை நிமிஷத்துக்கு?

அனுசுயாவின் கைப்பையில் இரண்டு ரிப்போர்ட். இரண்டிலும் அனுசுயாவின் பேர்தான். இடது மார்பில் இருப்பது ஹார்மோனைத் தின்று வளரும் புற்றாம். ஆபரேஷன் பண்ணி, ஐந்து வருஷம் மாத்திரை போட்டால் அடங்குமாம். வலது மார்பில் இருப்பது வேறு ரகமாம். மாத்திரைக்கு மசியாதாம். வியாழக்கிழமையே கீமோ ஆரம்பிக்க வேண்டுமாம்.

ஒரே உடம்பு, ஒரே ரத்தம். நோய் மட்டும் இரண்டு தினுசா?

இரண்டு பக்கமும் தனித்தனியாக வந்திருக்கிறது, அப்படியும் வரும் என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னாள். அனுசுயா தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

நம்ப அவளென்ன பச்சைப் பிள்ளையா? அம்மையார்குப்பத்துச் சாயப்பட்டறையில் பதினெட்டு வருஷமாக நூல்கட்டுகளுக்குப் பேர்ச்சீட்டு கட்டுகிறவள். போன தீபாவளிக்கு ஒரு நெசவாளி வீட்டு அரக்கு நூலில் இன்னொரு வீட்டுச் சீட்டைக் கட்டிவிட்டு, இரண்டு வீடும் அடித்துக்கொண்டபோதும் வாயைத் திறக்காமல் இருந்தவள். பாம்பின் கால் பாம்பறியாதா? அந்த லேபில் எவளோ சீட்டை மாற்றி ஒட்டிவிட்டாள்.

பரிசோதனைக்குச் சதை எடுக்கும் ஊசிக்காக அன்றைக்கு ஆஸ்பத்திரியில் காத்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தி அனுசுயா. இன்னொருத்தி கனகம்மாசத்திரத்துப் பூக்கடை ஹேமாவதி. ஒன்றுமில்லை என்று வந்துவிட்டது, திருத்தணிக்கு முடி கொடுக்க வருகிறேன் என்று நேற்று போனில் சந்தோஷமாகச் சொன்னவளும் இவள்தான்.

"பாவம், அந்தப் பொண்ணுக்கு எடுத்துச் சொல்லணுமே" என்று புருஷன் பரசுராமனிடம் சொல்லிவிட்டுத்தான் அனுசுயா மலையேறினாள்.

சொல்லவா வந்தாள்? கொடுக்க வந்தாள். வலப்பக்கத்து ரிப்போர்ட்டை இவள் தலையில் கட்டிவிட்டு, இடப்பக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்கிப் போக வந்தாள். அப்படி நினைக்க வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் நினைத்தாள்.

"ஹேமா, அன்னிக்கி உனக்கு எந்தப் பக்கம் ஊசி போட்டாங்க?"

"எனக்கு ஊசியே போடலியேக்கா! நீ உள்ள போனதும் என்னை ஸ்கேனுக்குக் கூப்டாங்க. வெறும் நீர்க்கட்டி, ஊசிலாம் வேணாம், வூட்டுக்குப் போம்மான்னுட்டாங்க."

சதையே எடுக்கவில்லை. எடுக்காத சதைக்கு எந்தச் சீட்டு மாறும்?

அனுசுயா கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டாள்.

ஹேமாவதியின் சிரிப்பு நின்றுவிட்டது. கை தானாக மார்புக்குப் போயிற்று. "ஏன்க்கா கேக்கறே? என் ரிப்போர்ட்ல எதனா தப்பா?"

சந்தேகம் ஒரு ஆளை எப்படி அரிக்கும் என்று அனுசுயாவுக்குத் தெரியும். பத்து நாளாகத் தூங்காதவள் அவள்.

"சீச்சீ, அதெல்லாம் இல்ல. உன்து சரியாத்தான் கீது." கொஞ்சம் நிறுத்தி, "என்தும் சரியாத்தான் கீது" என்றாள்.

ஹேமாவதி சந்தனப் பொட்டலத்தில் பாதியைப் பிரித்து அவள் கையில் வைத்துவிட்டுச் சாமி பார்க்கப் போனாள்.

அனுசுயா மண்டபத்துக்குள் போனாள். வரிசையில் நின்று சீட்டு வாங்கி, பலகையில் உட்கார்ந்தாள். முடி எடுக்கும் பெரியவர் இடுப்புவரை தொங்கிய பின்னலைப் பார்த்துவிட்டு, பூமுடிதானே, நுனியில் கொஞ்சம் எடுத்தால் போதுமா என்று கேட்டார்.

"முழுசா எடுத்துடுங்க நைனா. வியாழக்கிழமைக்கு அப்புறம் எப்படியும் கொட்டிடும். அதுக்கு முந்தி சாமிக்கே போவட்டும்."