ஒரு கிராம் கூடுதல்

"அவளுக்கு எத்தனை கிராம்ல எடுத்தீங்க?"

கேட்டேவிட்டாள்.

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அம்மா சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். அப்பா வாசல்வரை வந்து, செருப்பைப் பார்த்துக்கொண்டே, "பழசைக் கிளறாதம்மா" என்றார். அத்தைதான் பட்டென்று போட்டு உடைத்தாள். "உன் வாய்தான் உனக்கு எதிரி. நிச்சய மோதிரம் கையில ஏறுற வரைக்கும் அதைத் தைச்சு வச்சுக்கோ."

வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் அவள். எதைக் கேட்டாலும் படிச்ச திமிர் என்றுதான் பெயர். கேட்காமல் இருந்தாலும் அந்தப் பெயர் போகப்போவதில்லை.

நகைக்கடைக்காரர் தராசுத் தட்டைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார். காது மட்டும் இந்தப் பக்கமே இருந்தது.

அவளைக் கட்டிக்கொள்ளப்போகிறவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. உள்ளே சிக்கிக்கொண்டு அலறுகிறவர்களிடம் கதவுக்கு வெளியே நின்று பேசிப் பேசி, குரலை உயர்த்துவதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

"இப்ப எதுக்கும்மா அது?"

"எனக்குத் தெரியணும்."

"எட்டு."

யோசிக்காமல் சொன்னான். வருடம் ஒன்றாகியும் யோசிக்காமல் சொன்னான். அதுதான் சுருக்கென்றது.

அந்த மோதிரத்தை அவள் பார்த்திருக்கிறாள். நடுவில் கடுகளவு சிவப்புக்கல், இரண்டு பக்கமும் இலை. எடைதான் தெரியாது. மனதுக்குள் ஆறு என்று வைத்திருந்தாள். தூக்கம் வராத நாட்களில் அது பன்னிரண்டுவரை ஏறும்.

மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, பிடித்தவனோடு போய்விட்டவள். போனவள்மேல் என்ன பொறாமை என்று யாரும் கேட்கலாம். எதிரில் நிற்பவளிடம் முடியைப் பிடித்துச் சண்டையாவது போடலாம். போனவளை என்ன செய்வது?

"அப்ப எனக்கு ஒன்பது."

"என்னம்மா நீ, காய்கறிக் கடையில கொசுறு கேக்கற மாதிரி..."

"அவளைவிட ஒரு கிராமாவது கூட இருக்கணும். இல்லன்னா எனக்கு எதுவும் வேணாம்."

சொல்லும்போதே அசிங்கமாக இருந்தது. சின்னப் பிள்ளைகள் இரண்டு தம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உனக்குத்தான் நிறைய என்று மூக்கைச் சிந்துவதுபோல. இருக்கட்டும். ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் நாள் முழுக்க நின்று அவளும் சம்பாதிக்கிறாள். நினைத்தால் பத்து கிராமில் தானே வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் தானே வாங்கினால் அது வெறும் மோதிரம்.

அவன் மோவாயைத் தடவிக்கொண்டே கொஞ்ச நேரம் விட்டத்தைப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்தது.

"சரி விடு. ஒன்பதே எடுத்துடலாம்."

அவ்வளவு சுலபமாகவா? பல மாதமாக எரிந்துகொண்டிருந்த வயிறு சட்டென்று குளிர்ந்தது. அவனைக் கொஞ்சம் அதிகமாகவே பிடித்துப்போனது அந்த நிமிடத்தில்.

அவன் தோள்பையின் உள்ஜிப்பைத் திறந்து, காகிதத்தில் மடித்த ஒன்றை எடுத்துக் கண்ணாடி மேசைமேல் பிரித்தான்.

சிவப்புக்கல். இரண்டு பக்கமும் இலை.

"இதுலயே எட்டு இருக்கு. உருக்கி, மேல ஒரு கிராம் சேத்தா ஒன்பது. சும்மா பீரோவுல தூங்கிட்டுதானே கிடக்கு?"

அவன் முகத்தில் கள்ளமே இல்லை. மிச்சக் கம்பியை வீணாக்காமல் அடுத்த வேலைக்கு எடுத்து வைத்துக்கொள்கிற முகம். கள்ளம் இருந்திருந்தால் கத்தித் தீர்த்திருப்பாள்.

எட்டு போனவளுக்குச் செலவழித்தது. இவளுக்கென்று செலவழிக்கப்போவது ஒன்று. கேட்டது அட்சரம் பிசகாமல் கிடைத்துவிட்டது.

கடைக்காரர் எடை போட்டுத் தலையாட்டினார். "எட்டு சரியா நிக்குது தம்பி. ஒருதரம் விரல்ல போட்டுக் காட்டுங்கம்மா, அளவு பாத்துக்கறேன்."

போட்டாள். விரல் முட்டியில் கொஞ்சமும் தடுக்காமல் இறங்கி, அவளுக்கே அளவெடுத்துச் செய்ததுபோல உட்கார்ந்துகொண்டது.

"அட!" அவன் சிரித்தேவிட்டான். "அப்படியே பொருந்துதே! உருக்கவே வேணாம் போல."

பொருந்தாமல் என்ன செய்யும்? அக்காவின் பள்ளிச் சீருடை அவளுக்குப் பொருந்தியது. அக்காவின் செருப்பு பொருந்தியது. பாடப்புத்தகத்தின் முதல் பக்கத்தில் அக்காவின் பெயரை அடித்துவிட்டுத் தன் பெயரை எழுதிக்கொண்டால், அதுவும் பொருந்தியது. அக்கா சொல்லாமல்கொள்ளாமல் போன மறுவாரம், இவன் வீட்டார் கொதித்துப்போய் வந்து உட்கார்ந்திருந்தபோது, "அதான் சின்னவ இருக்காளே" என்றாள் அத்தை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அது கச்சிதமாகப் பொருந்தியது.

அவளுக்கும்தான் அன்று கசக்கவில்லை. அதை மட்டும் அவள் யாரிடமும் சொன்னதில்லை. அக்காவைப் பார்க்க அவன் முதன்முதலாக வந்த நாளில் கதவைத் திறந்தவள் அவள்தான்.

மோதிரத்தைக் கழற்றினாள். போட்டதுபோலவே சுலபமாக வந்தது. அதை அவன் கையில் கொடுக்கவில்லை. தராசுத் தட்டில் வைத்தாள்.

"உருக்கிடுங்கய்யா," என்றாள் கடைக்காரரிடம். பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "இனிமே இதைப் போட்டுக்க எங்க வீட்டுல மூணாவது பொண்ணு இல்ல."

அவன் இன்னும் பாதிச் சிரிப்பில் நின்றுகொண்டிருந்தான்.

கைப்பை ஏற்கெனவே அவள் தோளில் ஏறியிருந்தது. கண்ணாடிக் கதவைத் தள்ளி வெயிலில் இறங்கியபோது, வீட்டில் போய் என்ன சொல்வது என்று அவள் யோசிக்கவில்லை. பேருந்துக்கு எந்தப் பக்கம் நிற்பது என்றுதான் பார்த்தாள்.