ஆழமா இழுங்க!

"ஒரே மூச்சில் எங்கள் தெருச் சாக்கடையை மூட வைத்தவன் நான்!" என்றேன்.

மருமகள் சிரித்தாள். அவளுடைய அப்பா, அதாவது எங்கள் சம்பந்தி, முகத்தைச் சுளித்தார். "ஆரம்பிச்சுட்டார்யா புளுகை!"

நான் விடுவேனா?

"சாக்கடையில செத்த எலி யானை சைஸுக்கு ஊதி மிதக்குது. மூடிக் குடுங்கன்னு கேட்டோம். மாநகராட்சியும் ஒரு அறக்கட்டளையும் கைகோத்து, எங்க ஆரோக்கியத்துக்கு என்ன குடுத்தாங்க தெரியுமாம்மா? மூச்சுப் பயிற்சி! அதுவும் சாக்கடை ஓரத்துல மேடை போட்டு."

"சீ!" என்றாள் மருமகள்.

"மாநகராட்சிப் பெரிய அதிகாரி மூக்குல கைக்குட்டையை வச்சுக்கிட்டே, 'ஆழமா இழுங்க'ன்னார். 'முதல்ல நீங்க இழுத்துக் காட்டுங்க ஐயா'ன்னேன். தெருவே கைதட்டுச்சு. மனுஷன் கைக்குட்டையை எடுத்துட்டு இழுத்தார் பாரு... குடலே வெளிய வர்ற மாதிரி வாந்தி! அறக்கட்டளைத் தலைவர் மடி நிறைஞ்சு போச்சு! மறுநாளே சிமெண்டுப் பலகை வந்து இறங்கிடுச்சு."

"சுத்தப் பொய்!" சம்பந்தி சீறினார். "ஒரு மூச்சுக்கு எவனாவது வாந்தி எடுப்பானா?"

"யாரு மாமா அந்த அதிகாரி?" என்று கேட்டாள் மருமகள்.

நான் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டேன்.

சம்பந்தி கைக்குட்டையை எடுத்து மெல்ல மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"நான்தான்மா வாந்தி எடுத்தேன்" என்றார். "இப்ப நினைச்சாலும் குமட்டுது."